தெருக்குத்து வீடு விலைக்கு

ஆடி 3, வெள்ளி

செக்கடித் தெரு வீட்டைப் பதிந்தாயிற்று. இது எனக்குப் பதினான்காவது வீடு. வாங்குவது, பழுது பார்ப்பது, விற்பது, அடுத்ததை வாங்குவது என்று நாற்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆடி மாதத்தில் வீடு வாங்க யாரும் கிளம்ப மாட்டார்கள். அதனால்தான் நான் ஆடியில் வாங்குகிறேன். விற்கிறவருக்கு அவசரம் இருக்கும், போட்டிக்கு ஆள் இருக்காது. பத்திர ஆபீசில்கூட இன்று உட்கார நாற்காலி கிடைத்தது.

வீடு மலிந்ததற்கு இன்னொரு காரணம், தெருக்குத்து. மில் ரோடு வடக்கேயிருந்து நேராக வந்து இந்த வீட்டு வாசலில் முட்டி நிற்கிறது. அப்படி ஒரு தெரு வந்து குத்துகிற வீட்டில் குடும்பம் விளங்காது என்று சொல்லி, கோவில்பட்டியில் ஒருத்தர் விடாமல் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். ஏழு வருஷம் பூட்டிக் கிடந்தது. ஆனால் குத்துகிற தெருவைப் பார்த்து வாசல் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் தோஷம் போயிற்று என்று இதே ஜனம் ஒத்துக்கொள்ளும். பிள்ளையார் என்ன விலை, வீட்டில் குறைந்தது என்ன விலை. இந்தக் கணக்குக்கு என் அஞ்சாம் வகுப்புப் படிப்பு போதும்.

சாயங்காலம் சங்கரன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். ஒரே மகன்.

"அம்மா, உனக்கு எழுபத்தி ரெண்டு வயசாச்சு. இன்னும் செங்கல் எண்ணிக்கிட்டு நிக்கணுமா? இங்க எட்டாவது மாடியில உனக்குன்னு ஒரு ரூம் சும்மா கிடக்கு."

"சும்மா கிடந்தா வாடகைக்கு விடு" என்றேன்.

கடைசியில் ஒரு பந்தயமாகப் பேசி முடித்தோம். மார்கழி பிறப்பதற்குள் நான் இந்த வீட்டை விற்றுவிட்டால், அவன் இனிமேல் என் தொழிலைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. விற்காவிட்டால் வீட்டை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு நான் பெட்டியோடு எட்டாவது மாடிக்குப் போகவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே பன்னிரண்டு நாள் இருந்தேன். மருமகள் நல்ல பெண், ஒரு குறை சொல்லமாட்டேன். அஞ்சாம் நாள் காலை ஏழே காலுக்கு, "கொடுங்க அத்தை, நான் ஊத்துறேன்" என்று என் கையிலிருந்து தோசைக் கரண்டியை வாங்கினாள். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதி வைப்பது எனக்காக இல்லை. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. மற்றவர்கள்தான் மறந்துபோகிறார்கள்.

ஆடி 6, திங்கள்

கொத்தனார் அந்தோணி வந்தான். எனக்கு ஒன்பது வீடு பார்த்துக் கொடுத்தவன். ஆறாவது வீட்டில் ஜன்னலை அரை அடி தள்ளி வைத்ததைத் தவிர அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வீடு பார்க்கப் போகிறவர்கள் தரையைப் பார்க்கிறார்கள், கதவைப் பார்க்கிறார்கள், பூசை அறையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் வீட்டை ஒரு நாள் முழுக்கப் பூட்டிப் போட்டுவிட்டு மறுநாள் திறந்து மோந்து பார்க்கவேண்டும். ஈரம் இருந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போகவேண்டும். பொத்தென்று கேட்கிற இடத்தில் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பார்க்கவேண்டும். வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று புரோக்கரிடம் கேட்கக்கூடாது, சிலிண்டர் போடுகிறவரிடம் கேட்கவேண்டும்.

புரோக்கர் என்றதும் இசக்கி நினைவு வருகிறான். ஐந்தாவது வீட்டில், பக்கத்து வீட்டுச் சாக்கடை நம் மனைக்குள் வருகிறது என்பதை என்னிடம் மறைத்தான். இதுவரை பதினோரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறான். இன்னும் கேட்கட்டும். விற்கிற வேலையை அவனிடம்தான் கொடுத்திருக்கிறேன், இந்த ஊரில் வேறு நல்ல ஆள் இல்லை.

ஆடி 12, ஞாயிறு

வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருஷத்துக்கு எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அதில் வராத ஒன்று எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறது. வடிவு. காலமான என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நாத்தனார். பூக்கட்டி விற்கிறாள்.

நாற்பத்தோரு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவள் ஏதாவது சொல்லுவாள், நான் பதில் சொல்லுவேன், அவ்வளவுதான். எண்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை இருபத்து இரண்டு, காலை ஒன்பதே முக்கால். நானும் அவரும் வாங்கின முதல் வீட்டில் பால் காய்ச்சினோம். பந்திக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவள் சொன்னாள், "அடுப்படி எலிப்பொந்து மாதிரி இருக்கு" என்று. ஐந்து பேர் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை, மூன்று பேர் விலாசம் என்னிடம் இருக்கிறது. அந்த அடுப்படியை இடித்துப் பெரிதாக்கி, எட்டே மாதத்தில் அந்த வீட்டை விற்றேன். லாபம் வந்தது. இந்தத் தொழில் ஆரம்பித்தது அப்படித்தான். அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல முடியுமா.

இன்று நானும் அந்தோணியும் வாசல் சுவரில் பிள்ளையாருக்கு மாடம் எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பூக்கூடையோடு போனவள் நின்றாள்.

"மைனி, தெருக்குத்துக்குப் பிள்ளையார் வைக்கப் போறியளா? ஒரு சாண் உசரம் போதும். பெருசா வைக்க உங்களுக்கு மனசு வரவா போவுது."

நான் அந்தோணியிடம் சொன்னேன், "ரெண்டரை அடிக்கு மாடம் கட்டு."

"ஆச்சி, சுவரே நாலடிதான் இருக்கு."

"சுவர ஏத்து."

ஆடி 24, வெள்ளி

பணத்தை எங்கே போடவேண்டும் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கெட்டுப்போகிறார்கள். முகப்பில் தூண், தூணில் மயில், மயிலுக்கு லைட்டு. வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருகுவார்கள். வீட்டை விற்பது அடுப்படியும் குளியலறையும்தான். மூன்றாவதாக ஒன்று உண்டு. மாடியில் ஒரு அறை, வெளியே தனிப் படி. வாடகைக்கு விடலாம் என்று காதில் போட்டால் வாங்குகிறவர் முகம் மலர்ந்துவிடும். இந்த வீட்டுக்கும் மாடியில் ஒரு அறை போடச் சொல்லிவிட்டேன்.

வேலை நடக்கும்வரை எந்த வீடோ அந்த வீட்டிலேயே ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வது என் வழக்கம். தனியாக வாடகை கொடுப்பதில்லை. ஆனால் விற்கப்போகிற வீட்டில் ஒருபோதும் பால் காய்ச்ச மாட்டேன். பால் காய்ச்சினால் அது நம் வீடாகிவிடும், பிறகு விலை சொல்ல நாக்கு எழாது. பாலில்லாத கட்டங்காப்பிதான். முதல் வீடு தவிர மற்ற பன்னிரண்டு வீட்டிலும் கட்டங்காப்பி.

ஆவணி 4, செவ்வாய்

பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார். கருங்கல், இரண்டரை அடி. மில் ரோட்டின் கடைசி வரை பார்க்கிறார். வடிவு வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாள்.

ஆவணி 9, ஞாயிறு

அந்தோணி எம்-சாண்ட் குவியலை வாசலிலேயே போட்டு வைத்திருந்தான். எடு, எடு என்று எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை பத்து மணிக்குத் தீக்குச்சி ஏற்றின லாரி ஒன்று மில் ரோட்டில் பிரேக் பிடிக்காமல் வந்து, அந்தக் குவியலில் ஏறிப் புதைந்து, பிள்ளையாருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டிரைவர் இறங்கி வந்து பிள்ளையார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தெருவே கூடிவிட்டது. எல்லாரிடமும் சொன்னேன், "மணலுய்யா. மணல்தான் நிறுத்துச்சு."

வடிவு கேட்டாள், "மணல அங்கன போட்டது யாரு மைனி?"

"அந்தோணி."

"எடுக்கச் சொல்லியும் எடுக்காம விட்டது யாரு?"

"அவன்தான்."

"அந்தப் புத்திய அவனுக்கு யாரு குடுத்தா?"

கூட்டம் முழுக்க அந்தோணியைப் பார்த்துக் கும்பிட்டது. அவன் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, மணல் அள்ளச் சாக்குத் தேடப் போய்விட்டான்.

ஆவணி 22, சனி. சதுர்த்தி

ஒலிபெருக்கி காலை ஐந்து மணியிலிருந்து. வீட்டுக்குள் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கக் கொழுக்கட்டை வேண்டும் என்று தெருவில் எல்லாருமாக முடிவு பண்ணிவிட்டார்கள். நானூறு பிடித்தேன்.

என் கேட்டுக்குப் பக்கத்தில் வடிவு ஒரு மேசை போட்டிருக்கிறாள். எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம், மாலை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிழலுக்கு என் வேப்பமரம்.

புரட்டாசி 3, வியாழன்

இப்போது பெயரே லாரி நிறுத்திய பிள்ளையார். கோவில்பட்டியில் யார் புது வண்டி எடுத்தாலும் நேரே இங்கேதான் வருகிறார்கள். மாலை, சந்தனம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம், வடிவிடமே வாங்கியது. நசுக்கின பழத்தோல் வாசலெல்லாம் கிடக்கிறது. முகூர்த்த நாளில் பதினெட்டு பைக், இரண்டு டிராக்டர், ஒரு மினிபஸ்.

முதல் பார்ட்டியை இசக்கி இன்று கூட்டி வந்தான். ஓய்வு பெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும். அமைதியான இடமாகத் தேடுகிறார்களாம். அடுப்படி பிடித்தது, குளியலறை பிடித்தது, மாடி அறையில் நின்று காற்று வருகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் புது மினிலாரியைக் கொண்டுவந்து பிள்ளையாருக்கு ஹாரனைக் காட்டினார். ஏழு விதமாக அடிக்கிற ஹாரன். ஏழும் நன்றாக வேலை செய்கிறது.

"யோசிச்சுச் சொல்றோம்மா" என்றார் வாத்தியார். யோசிக்கிறவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகமாட்டார்.

புரட்டாசி 11, வெள்ளி

இரண்டாவது பார்ட்டி, பாங்க் அதிகாரி. காரில் வந்தார். நிறுத்தி இறங்குவதற்குள் காருக்கு மாலை போட்டு, டயருக்குப் பழம் வைத்து, சூடம் காட்டிவிட்டார்கள். அவரும் தட்டில் ஐம்பத்தோரு ரூபாய் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, மனசு நிறைந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டைப் பார்க்கவே இல்லை.

புரட்டாசி 12, சனி

மார்கழிக்கு எழுபத்தொன்பது நாள் இருக்கிறது.

புரட்டாசி 20, ஞாயிறு

அந்தோணியைக் கூப்பிட்டு, பிள்ளையாரைப் பின்பக்கம் கொல்லைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"ஆச்சி, நான் வேதக்காரன். வைக்கச் சொன்னிய, வச்சேன். ஊரே கும்பிட்டுச்சு. இப்ப நான் எடுத்தா ஊரு என்னைய என்ன செய்யும்னு நெனைக்கிய?"

"ஒரு சாண் பிள்ளையாராயிருந்தா நானே முந்தானையில முடிஞ்சு கொண்டுபோயிருப்பேன்."

"அன்னைக்கு நாந்தான் சொன்னேன்லா, சுவரே நாலடிதான்னு."

அவன் சொன்னது சரி. சரியாகச் சொன்ன தேதியும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் கோபம் இன்னும் கூடுதலாக வந்தது.

எதிர் வரிசையிலிருந்து ஒரு டம்ளர் பால்காப்பி வந்தது. நாலு நாளாக வருகிறது. நான் கட்டங்காப்பி குடிப்பதை வடிவு ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். சர்க்கரை குறைவு. அவள் வீட்டு அடுப்பில் காய்ச்சின பால்தானே, என் விரதம் இதில் கெடாது.

ஐப்பசி 5, திங்கள்

திருடிக்கொண்டு வந்த பிள்ளையாருக்குத்தான் ராசி அதிகம் என்று இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. புதுக்கோயில் கட்டுகிறவர்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளையார் மேல் கண் வைப்பார்கள். நான் பழம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம், "பிள்ளையாரு சும்மாதான் உக்காந்திருக்காரு, சிமெண்டு வச்சுப் பூசல" என்று சொல்லி வைத்தேன். தூக்க வசதியாக ஒரு கோணிப்பையையும் பக்கத்தில் போட்டு வைத்தேன்.

ஐப்பசி 8, வியாழன்

பாதுகாப்பு போதவில்லை என்று மினிபஸ் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து இரும்புக் கிராதி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். உபயம் என்று பெயரெல்லாம் எழுதியிருக்கிறது. பெரிய பூட்டு. சாவி வடிவிடம். என் சுவர், என் பிள்ளையார், சாவி அவளிடம்.

கோணிப்பையில் யாரோ தேங்காய் மட்டையை அள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி 15, வியாழன். தீபாவளி

சங்கரன் போன் பண்ணினான். அந்த அறைக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டானாம். டிவியும் மாட்டிவிட்டானாம். "பந்தயம்னு இல்லம்மா, நீ வந்தா எனக்கு நிம்மதி" என்றான். பையன் தங்கமானவன். அதுதான் கஷ்டம். கெட்டவனாயிருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

வாசலில் இருபத்து மூன்று வண்டி.

ஐப்பசி 21, புதன்

மூன்று நாள் காய்ச்சல். வடிவு கஞ்சியும் மிளகு ரசமும் கொண்டுவந்தாள். உப்பு கூடுதல். மூன்று நாளும் கூடுதல். ராத்திரி துணைக்குப் படுத்திருந்தாளாம், குறட்டை விட்டிருப்பாள், எனக்குத் தெரியாது. சங்கரனிடம் சொல்லாதே என்றேன், சொல்லவில்லை.

கார்த்திகை 9, ஞாயிறு

இசக்கி வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"ஆச்சி, ஒரு பார்ட்டி இருக்கு. பேரச் சொன்னா கோவப்படக்கூடாது."

"உன் மூஞ்சியவே பாத்துட்டேன். இனிமே என்ன கோவம்."

"எதுத்த வரிசை வடிவக்கா. மருமகன் ரயில்வேயில இருக்காருல்லா, பாங்க்ல கடன் குடுக்காகளாம். மீதிக்கு அக்காவே சேத்து வச்சிருக்காக."

நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் நான் சொல்லுகிற பாடம் ஒன்று உண்டு. விற்காத வீடு என்று ஒன்று கிடையாது, தப்பான ஆளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். அமைதி தேடுகிறவர்களுக்கு நான் இந்த வாசலைக் காட்டிக்கொண்டிருந்தேன். பழமும் பூவும் விற்கிறவளுக்கு இந்த வாசலைப் போல இன்னொன்று இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. வீட்டுக்குள்ளிருந்தே கடை நடத்தலாம். அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. நினைவுக்கு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

எட்டாவது மாடி. இல்லாவிட்டால் வடிவு.

கார்த்திகை 10, திங்கள்

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகை 12, புதன்

வடிவு வந்தாள். இசக்கி நடுவே உட்கார்ந்தான். காலை பத்து மணிக்கு ஆரம்பித்த பேச்சு மூன்று மணிக்கு முடிந்தது.

முதலில் விலையைப் பற்றிப் பேசவே இல்லை அவள். எழுந்து வீட்டுக்குள் நடந்தாள்.

"மாடி ரூம்புல வடக்குச் சுவரு மழைக்கு ஊறுது மைனி. ஐப்பசி பதினேழாந் தேதி நீங்களே ஏணி போட்டுச் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிய. ஏணியில ஏறினதுக்குத்தான் மறுநாளே காய்ச்சல்ல விழுந்திய."

"நீ எங்கருந்து பாத்த?"

"எங்க வாசல்லருந்து. வேறென்ன சோலி எனக்கு. குளியலறைக் குழாயத் தெறந்தா அடுப்படிக் குழாயில தண்ணி மெலியுது. கஞ்சிப் பாத்திரம் கழுவுதப்பப் பாத்தேன். கொல்லைக் கதவு மழைக்காலத்துல தரையில இழுக்குது. இதுக்கெல்லாம் எவ்வளவு கொறைக்கிய?"

வாங்க வந்த யாரும் என் வீட்டை இந்தக் கண்ணால் பார்த்ததில்லை. இவள் இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் எனக்குப் பிழைப்பு இருந்திருக்காது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

குறைத்தேன், ஏற்றினேன், அவள் எழுந்து போவதுபோல் போனாள், இசக்கி பிடித்து உட்கார வைத்தான். கடைசியில் இருபதாயிரம் ரூபாயில் வந்து நின்றுவிட்டது. நான் இறங்கவில்லை, அவள் ஏறவில்லை. கார்த்திகையில் இன்னும் பதினெட்டு நாள்.

"அந்த எலிப்பொந்து வார்த்தைய வாபஸ் வாங்கு. இருபதாயிரத்த விட்டுருதேன்" என்றேன்.

"எலிப்பொந்தா? எப்பச் சொன்னேன்?"

"எம்பத்தி மூணு. சித்திரை இருபத்தி ரெண்டு. காலையில ஒம்பதே முக்கால்."

மேலே பார்த்து யோசித்தாள். "நான் எலிப்பொந்துன்னு சொல்லல மைனி. பெருச்சாளிப் பொந்துன்னு சொன்னேன்."

இசக்கிக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வர நேரமாயிற்று.

"ஏன் சொன்னேன்னு கேட்டியளா?" என்றாள். "அன்னைக்கு எங்க மூத்தவளுக்குப் பாயாசம் கேட்டேன். மூணு வயசுப் பிள்ள. தீந்துபோச்சுன்னிய."

"தீந்துதான் போச்சு."

"சரி. பதிமூணு வீடு வித்திய. ஒரு வீட்டுக்காவது, வடிவு உனக்கு வேணுமான்னு கேட்டியளா? நான் வாடகை வீட்டுலயே கிடக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உன்கிட்டப் பணம் இருக்காதுன்னு நெனச்சேன்."

"இருந்திருக்காதுதான். கேட்டிருக்கலாம்லா."

இருபதாயிரத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். வார்த்தை வாபஸ் ஆகவில்லை. சாப்பிடாமல் விலை பேச உட்காரக்கூடாது, அசதியில் இப்படித்தான் ஆகிவிடும்.

கார்த்திகை 13, வியாழன்

அன்றைக்கு, எண்பத்து மூன்றில், ஒரு செம்பு பாயாசம் இருந்தது. என் அண்ணன் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தான் என்று அரிசிப் பானைக்குப் பின்னால் மூடி வைத்திருந்தேன். அண்ணன் வரவில்லை. மறுநாள் புளித்துப்போய்க் கொட்டினேன்.

கார்த்திகை 28, வெள்ளி

பதிவு முடிந்தது. வடிவின் பெருவிரல் ரேகை மிஷினில் விழவில்லை. நாற்பது வருஷம் பூக்கட்டும் நாரை இழுத்து இழுத்து விரல் வழவழவென்று ஆகிவிட்டது. ஐந்து தடவை வைத்தாள். "எனக்கு வீடு எழுதி வைக்கல போல மைனி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து, முந்தானையை நனைத்து விரலைத் துடைத்து, சூடு வரத் தேய்த்து, நானே அழுத்தி வைத்தேன். விழுந்துவிட்டது. வாங்குகிறவர் ரேகை விழாவிட்டால் என் விற்பனை நின்றுபோகும், அதற்காகச் செய்தது.

சங்கரனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். யார் வாங்கினது என்று கேட்டான். சொன்னேன். யாரு, யாரு என்று இன்னும் இரண்டு தடவை கேட்டான்.

கார்த்திகை 30, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டால் குடிபோகக்கூடாது என்று இன்றைக்கே வடிவு பால் காய்ச்சிவிட்டாள். எனக்கும் அழைப்பு. அடுப்படிக்குள் நான் நுழைந்ததும் வந்திருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். நான் கட்டின அடுப்படி, நானே என்ன சொல்லுவது. நல்ல வெளிச்சம் என்றேன். ஏமாந்து போனார்கள்.

சாப்பிட்டு முடித்து என் பெட்டியையும் கட்டிலையும் ஏற்றுவதற்கு ஆட்டோ சொல்லியிருந்தேன். போக இடம் இன்னும் பார்க்கவில்லை, இசக்கி ஏதாவது காட்டுவான் என்று நினைத்திருந்தேன்.

"பெட்டிய எங்க தூக்குதிய மைனி?" என்றாள் வடிவு. "மாடி ரூம்பு வாடகைக்குன்னுதான கட்டினிய. வாடகைக்கு விட்டாச்சு."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

அவள் சொன்ன வாடகை அநியாயம். இந்தத் தெருவில் அந்த வாடகைக்கு இரண்டு அறை கிடைக்கும். வடக்குச் சுவர் ஊறுவதைச் சொல்லி ஒரு மணி நேரம் வாதாடி நூற்றைம்பது ரூபாய் குறைத்தேன். அட்வான்ஸ் எவ்வளவு என்றதற்கு, "ஒண்ணும் வேண்டாம், நீங்க எங்கன ஓடிரப் போறிய" என்று சொல்லிவிட்டாள். இசக்கி பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினான். வாடகையும் தேதியும் தவிர அதில் ஒரு நிபந்தனையும் இல்லை. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை எந்த வீட்டுக்காரியும் போடக்கூடாது. சொல்லிக்கொடுக்கலாம் என்றால் கேட்கிற ஜன்மமா அவள்.

மார்கழி 2, செவ்வாய்

காலையில் சங்கரன் போன்.

"நீ ஜெயிச்சுட்டம்மா. இனி நான் உன் தொழிலப் பத்தி வாயத் திறக்கல. ஆனா இப்ப வீடு வித்தாச்சு. எப்படியும் நீ அடுத்த ஆடிக்குத்தான் வாங்குவ. அதுவரைக்கும் ஏழு மாசம் இங்க வந்து இருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. பந்தயத்தில் இதைப் பற்றிப் பேசி வைக்காமல் விட்டது என் தப்பு.

"முடியாதுடா. வாடகைக்குப் பத்திரம் போட்டிருக்கு" என்றேன். "பதினோரு மாசத்துக்கு முன்னால காலி பண்ணினா மொத்த வாடகையையும் கட்டணும்னு கண்டிசன்."

"வடிவு அத்தையா அப்படி எழுதச் சொன்னாங்க? உன்கிட்டயா?"

"உங்கத்தையப் பத்தி உனக்கென்ன தெரியும். ரொம்பக் கறாரு."

"சரிம்மா" என்று பெருமூச்சு விட்டான். பொங்கலுக்கு வருவானாம். பத்திரத்தைப் பார்க்கவேண்டும் என்கிறான்.

அப்படி ஒரு நிபந்தனை அதில் கிடையாது. கீழே போய் வடிவிடம் சொல்லி, இசக்கியை வரவழைத்து இன்றைக்கே சேர்க்கவேண்டும். மார்கழியில் புதுசாக ஒன்றும் எழுதக்கூடாது என்று அவள் சொல்லுவாள். சொன்னால் கார்த்திகை முப்பது என்றே தேதி போடச் சொல்லவேண்டியதுதான்.